ஆகஸ்ட் பக்கம்

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அப்பா போன் செய்தார்.

வேல்விழி உடனே எடுக்கவில்லை. திரையில் பெயரைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். பட்டாசு கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் கொடுத்தால் வேலை முடிந்துதான் கைக்கு வரும். இந்நேரத்துக்கு அப்பா பேசுகிறார் என்றால், வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறார்.

"யாருக்கு என்னாச்சுப்பா?"

இந்த ஊர்ப்பக்கம் வேலை நேரத்தில் வரும் போனுக்கு முதல் கேள்வி அதுதான்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றார் ஊர்க்காவலன். பின்னால் லோடு வண்டி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். "அந்தக் காலண்டரு இப்ப யாருகிட்ட இருக்கு?"

"எந்தக் காலண்டரு?"

"நேத்து சாப்பிடும்போது சொன்னியே. பதினாலாம் வருசத்துது."

"லைப்ரரியில இருக்கு. சனிக்கிழமை கண்காட்சிக்குக் குடுத்தாச்சு."

"திருப்பி வாங்கிட்டு வந்துரு. இன்னைக்கே."

"எதுக்குப்பா?"

"உங்கம்மாவுக்கு அதுல உள்ள முருகன் படம் வேணுமாம்."

அந்தக் காலண்டரில் இருப்பது முருகன் இல்லை. மாரியம்மன்.

"கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"அது எப்படி இன்னும் இருக்கு? கெணத்துல விட்டாச்சுன்னுல்ல சொன்னா." இதை அவளிடம் சொன்னதாகத் தெரியவில்லை. போன் கட்டானது.

எம். புதுப்பட்டிக் கிளை நூலகத்தில் மூன்று நாள் விழா. சனிக்கிழமை பழைய காலண்டர், லேபிள் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெம்பக்கோட்டை அகழாய்வு பற்றி ஒரு பேராசிரியர் பேசுகிறார், மாலையில் ஒயிலாட்டம். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் புத்தகம் தைக்கும் பயிற்சி. நோட்டீஸை வடிவமைத்தது வேல்விழிதான். சிவகாசியில் நல்லசிவம் அண்ணாச்சியின் ஆப்செட் அச்சகத்தில் அவளுக்கு அதுதான் வேலை.

இரண்டு வாரம் முன்பு முறம் எடுக்கச் சொல்லி அம்மா அவளைப் பரணில் ஏற்றினாள். முறம் கிடைக்கவில்லை. ஒரு காலண்டர் சுருள் கிடைத்தது. சாமி படம் போட்ட காலண்டரை யாரும் கிழிக்க மாட்டார்கள், எரிக்க மாட்டார்கள். பரணில் கிடக்கும், இல்லாவிட்டால் கிணற்றில் போகும். வேல்விழி படத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். நான்கு கலரும் இம்மி விலகாமல் விழுந்திருந்தன. அம்மனின் மூக்குத்தியில் வெள்ளைப் புள்ளி அப்படியே நின்றது. பழைய மெஷினில் இப்படி ஓட்டியவன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் பார்க்கவில்லை. அச்சகத்தில் வேலை பார்ப்பவர்கள் காலண்டரில் தேதி பார்ப்பதில்லை.

இப்போது அம்மாவுக்குப் போன் போட்டாள்.

அய்யம்மாள் வீட்டில் இருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவாள். உருட்டுக்கட்டை பலகையில் தேயும் சத்தம் கூடவே கேட்கும்.

"ம்மா, அந்தப் பழைய காலண்டரு படம் வேணும்னு அப்பாகிட்டக் கேட்டியா?"

சத்தம் நின்றது.

"அப்படியா சொன்னாக?"

"கேட்டியா, கேக்கலையா?"

"நான் எதுக்குக் கேக்கப் போறேன்."

"பின்ன ஏன் வேலையப் போட்டுட்டு வந்து போன் பண்றாரு?"

"அவுகளக் கேளு." தாள் அடுக்கும் சத்தம் கேட்டது. "சோறு தின்னியா?"

"மணி பதினொண்ணே காலுதாம்மா."

"நோட்டீஸ் கட்டு வந்துருச்சா?"

"வந்துருச்சு. மதியம் லைப்ரரிக்குக் கொண்டு போறேன். காலண்டர வாங்கவா, வேண்டாமா?"

"நோட்டீஸக் கொண்டு போய்க் குடு" என்றாள் அம்மா. பலகைச் சத்தம் மறுபடி தொடங்கியது. முன்பைவிட வேகமாக.

மதியம் நல்லசிவம் அண்ணாச்சி கட்டைப் பிரித்து ஒரு நோட்டீஸை எடுத்துக் கடைசி வரி வரை வாசித்தார்.

"பேரு வரிசை சரியா இருக்கா? போன தடவ வார்டு மெம்பர் பேரு கீழ போச்சுன்னு அவரு ஒரு மாசம் எங்கிட்டப் பேசல."

"அந்த ஒரு மாசம் நிம்மதியா இருந்துச்சுன்னு நீங்கதான சொன்னீக அண்ணாச்சி."

"அது வேற." நோட்டீஸைத் திரும்ப வைத்தார். "ஒரு மாதிரியா இருக்கியே. அரை நாள் லீவு எழுதிக்கோ. போய்ட்டு வா."

மெஷின் ஓடத் தொடங்கும்போது முதலில் சில தாள்கள் கலர் சேராமல் விழும். வேஸ்ட் ஷீட். அலமாரியில் விரிக்க அம்மா கேட்டிருந்தாள். இந்த நோட்டீஸின் வேஸ்டில் பத்துப் பதினைந்தைச் சுருட்டி, மேலே காக்கித் தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, நோட்டீஸ் கட்டோடு வேல்விழி பஸ் ஏறினாள்.

நூலகர் சுப்புலட்சுமி ஸ்டூல் மேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கச் சுவர் முடிந்திருந்தது. காலண்டர்கள் துணி காயப்போட்டது போலக் கிளிப்பில் தொங்கின. லட்சுமி, சரஸ்வதி, நெல்வயல், ஒரு விமானம். ஐந்தாவதாக அவர்கள் வீட்டு மாரியம்மன். அம்மனுக்குக் கீழே மாதத் தாள்கள். மற்றதெல்லாம் ஜனவரியில் இருந்தது. அது மட்டும் ஆகஸ்டில் இருந்தது.

"இத யாருக்கா ஆகஸ்ட்டுல வச்சது?"

"நான்தான். உங்க வீட்டுல சொன்னபடி."

"எங்க வீட்டுல யாரு சொன்னா?"

"நீ குடுக்கும்போதே அந்தப் பக்கத்துல ஒரு தாள் சொருகியிருந்துச்சே. இந்தப் பக்கம் வைக்கணும்னு எழுதி. நீதான் எழுதினன்னு நெனச்சேன்." சுப்புலட்சுமி மேசையைக் காட்டினார். "அந்த டப்பாவுக்குள்ள போட்டு வச்சிருக்கேன் பாரு."

காக்கித் தாளின் விளிம்பு. விரல் அகலம். குழாய் உருட்டும்போது அம்மா வெட்டிப் போடும் துண்டு. எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தள்ளித் தள்ளி நின்றன. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

வேல்விழி அதைத் தாவணி முனையில் முடிவது போல உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். முறம் அன்றைக்குக் கிடைக்காதது இப்போது நினைவுக்கு வந்தது. முறம் எப்போதும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் தொங்கும்.

காலண்டருக்கு அருகே போனாள்.

கட்டங்களில் அப்பாவின் எழுத்து. இடப்பக்கம் சாய்ந்த நீலப் பேனா எழுத்து. அந்நாளில் அப்பாவும் மாரிக்கண்ணன் மாமாவும் ஒரே கம்பெனியில், ஒன்பதாம் நம்பர் அறையில் வெடிமருந்து கலக்கினார்கள். மாமா அம்மாவின் தம்பி. யார் எந்த நாள் முழு வேலை, யார் அரை நாள் என்று அப்பா இரவில் காலண்டரில் குறித்து வைப்பார். நான் முழு, மாரி முழு. நான் முழு, மாரி முழு. கட்டம் கட்டமாக அதேதான்.

பதினாலாம் தேதி, வியாழன். 'மாரி அரை. மதியத்துக்கு மேல் நான் மட்டும்.'

பதினைந்து. 'இருக்கன்குடி.'

பதினாறு. ஒன்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் ஒன்றும் இல்லை. வேல்விழி தாளைத் தூக்கிப் பார்த்தாள். செப்டம்பர் வெறுமை. டிசம்பர் வரை வெறுமை.

பதினாறாம் தேதி சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஒன்பதாம் நம்பர் அறை வெடித்தது. மாமாவும், பக்கத்து அறையில் திரி வைத்துக்கொண்டிருந்த சோலையம்மாளும் போனார்கள்.

அன்றன்று கலக்கிய மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். இரவு தங்கிய மருந்து தொட்டாலே போதும். அது இரண்டு இரவு தங்கியிருந்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவதற்காக எல்லாரும் அவசரமாகக் கிளம்பிய வியாழக்கிழமை சாயந்திரம், மாரிக்கண்ணன் சோம்பேறித்தனப்பட்டு மிச்சத்தை மூடி வைத்துவிட்டுப் போனான், அவன் வைத்ததை அவனே தொட்டான், கூட ஒருத்தியையும் கொண்டுபோனான். விசாரணையில் எழுதியது அதுதான். ஊர் சொல்வதும் அதுதான். சோலையம்மாளின் மகன் சங்கிலிமுத்து இன்றைக்கும் மாமாவின் மனைவி ரோஜா எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போகிறான்.

ரோஜா அப்போது பிரசவத்துக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் தாய்வீட்டில் இருந்தாள். வியாழக்கிழமை புருஷன் மதியம் வரைதான் வேலையில் இருந்தான் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

பதினாலாம் கட்டத்தின் மூலையில் இன்னொன்றும் இருந்தது. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஒரு சின்ன ஷூ. லேஸ் பட்டாம்பூச்சி போலப் பெரிதாக.

அதை வரைந்தது வேல்விழி. அப்போது அவளுக்குப் பத்து வயது.

ஷூ வாங்கிய நாள் அவளுக்கு மறக்கவில்லை. ஷூ பிய்ந்துபோய் வெறுங்காலோடு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். எங்கிருந்தோ மாமா வந்து நின்றார். கைகால் கழுவிக்கொண்டு அவளைச் சாத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். கடைக்காரரிடம் விலை பேசினார். காராச்சேவுப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார். இருட்டும் நேரம் திரும்பினார்கள். எந்த நாள், எந்தக் கிழமை என்று இதுவரை அவளுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அந்த மதியம் அம்மாவும் வீட்டில்தான் இருந்தாள். ஷூவுக்குப் பணம் எடுத்துக் கொடுத்ததே அம்மாதான்.

"வேலு."

வாசலில் ரோஜா நின்றாள். உள்ளே வரவில்லை. கையில் மஞ்சள் பை.

வேல்விழி திரும்பி, ஆகஸ்ட் பக்கத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். யோசித்துச் செய்யவில்லை.

"உள்ள வாங்க அத்தை. வேலைக்குப் போகலையா?"

"இன்ஸ்பெக்சன்னு அனுப்பிட்டாக." ரோஜா பையை நீட்டினாள். "உங்க மாமா சேத்து வச்ச லேபிளு. வெடிப்பெட்டியில ஒட்டுறது. கண்காட்சிக்கு ஆகும்னு உங்கம்மா சொன்னா."

"அம்மாவா? எப்ப?"

"திங்கக்கிழமை. வீட்டுக்கு வந்திருந்தா."

அம்மா மாமா வீட்டுப் படி ஏறிப் பதினோரு வருடம் ஆகிறது. ஏன் என்று கேட்டால் மூட்டுவலி என்பாள். அது நூறடி தூரம்.

"எனக்கே ஒண்ணும் ஓடல" என்றாள் ரோஜா. "வந்தா. காப்பி குடிச்சா. சனிக்கிழமை லைப்ரரிக்கு வா, சங்கிலிமுத்தும் வருவான், அவங்கிட்டயும் சொல்லியிருக்கேன்னா. அவன் இருக்குற எடத்துக்கு நான் எதுக்கு மதினின்னு கேட்டேன். வந்து பாருன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய்ட்டா." அவள் கண் வேல்விழியின் தோளுக்கு மேலாகச் சுவரைத் துழாவியது. "என்னத்தப் பாக்கணும்? உனக்குத் தெரியுமா?"

"பழைய படங்கதான் அத்தை."

"படத்துக்கா உங்கம்மா படியேறி வந்தா?"

வேல்விழி பையை வாங்கிக்கொண்டாள். ரோஜா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"அங்கனயே ஆணியடிச்ச மாதிரி நிக்கியே" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சுப்புலட்சுமி ஸ்டூலில் இருந்து இறங்கினார். "இன்னைக்கு உங்க குடும்பத்துக்கு என்ன? காலையில உங்கப்பா போன் பண்ணாரு."

"உங்களுக்கா?"

"காலண்டரக் கழட்டி வைங்க, மக வந்து வாங்கிக்கிடுவான்னாரு. நான் கழட்டல. நீ குடுத்த பொருளு, நீ கையெழுத்துப் போட்டாத்தான் தருவேன்." ரெஜிஸ்டரை அவள் பக்கம் தள்ளினார். "போடுறியா?"

வேல்விழி பேனாவை எடுத்தாள். காலண்டரிடம் போய் ஆகஸ்டை மூடி ஜனவரியைக் கொண்டுவந்தாள். ஜனவரியிலும் அப்பாவின் எழுத்து இருந்தது. நான் முழு, மாரி முழு. அதைப் பார்த்தபடி நின்றாள். வெளியே குழாயில் யாரோ குடம் நிறைத்துக்கொண்டிருந்தார்கள். குடம் நிறைந்து வழிகிற வரை நின்றாள்.

மறுபடி ஆகஸ்டுக்குத் திருப்பிக் கிளிப்பைப் போட்டாள். பேனாவை ரெஜிஸ்டரின் மேல் வைத்தாள்.

"நாளைக்கு வாரேன்க்கா. இன்னும் முடிவாகல."

வேஸ்ட் ஷீட் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் அப்பாவின் வண்டி நின்றது. நாலு மணிகூட ஆகவில்லை.

அப்பா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து வந்ததும் குளிக்காமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இன்று முழங்கை வரை அலுமினியப் பொடி அப்படியே இருந்தது. வெயிலில் மீன் செதில் போல மினுங்கியது.

அம்மா உள்ளே பலகைக்கு முன் உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். இவள் வந்ததைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

"கொண்டாந்தியா?" என்றார் அப்பா.

வேல்விழி கையில் இருந்ததைப் பார்த்தாள். காக்கித் தாள் சுற்றிய சுருள். காலண்டர் நீளம்தான் இருக்கும். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் எழுந்து கையை நீட்டியிருந்தார். இருபத்தைந்து வருடமாக மருந்து கலக்கும் கை அது. அது எதற்கும் அவளிடம் இப்படி நீண்டு அவள் பார்த்ததில்லை.

சுருளைக் கொடுத்தாள்.

"படத்த இப்பவே மாட்டவாப்பா?" என்றாள்.

"மெதுவா மாட்டலாம்."

"முருகன் படம்தான?"

"ஆமா" என்றார் அவர். "முருகன்தான்."

ரப்பர் பேண்டைக் கழற்றவில்லை. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போனார். வேல்விழி வீட்டுக்குள் புகுந்து பின்கதவு வழியாகப் பார்த்தாள். சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அப்பா அக்கம்பக்கம் பார்த்தார். சுருளைத் தொட்டிக்குள் விட்டார். அது மிதந்தது. இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினார்.

குமிழ் வந்தது. அவர் விடவில்லை. கையில் இருந்த பொடி தண்ணீரில் பிரிந்து வெள்ளியாகப் படர்ந்தது. குமிழ் நின்ற பிறகும் முழங்கை மூழ்க அமுக்கிக்கொண்டே இருந்தார்.

உள்ளே பலகைச் சத்தம் நின்றிருந்தது. அம்மா வேல்விழியைத் தாண்டிப் போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என்னத்த முக்குறீக?"

"சாமி படம்." அவர் திரும்பவில்லை. "பழசாப் போச்சு. கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது. அதான் தண்ணியில விட்டேன்."

"பிரிச்சுப் பாத்தீகளா?"

அம்மா குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டாள். அவர் கையை விலக்கிவிட்டுச் சுருளை வெளியே எடுத்தாள். நனைந்த காக்கித் தாள் தோலாக உரிந்து வந்தது. உள்ளே இருந்த தாளைத் துணி உதறுவது போல உதறி விரித்துப் பிடித்தாள்.

ஆப்செட் மை தண்ணீரில் கரையாது. சிவப்பு கொஞ்சம் விலகியிருந்தது, அவ்வளவுதான். கலை, மரபு, கற்றல், மூன்று நாள் விழா. அனைவரும் வருக.

ஊர்க்காவலன் அதை வாசித்தார். மெதுவாக, வரி வரியாக. பிறகு மகளைப் பார்த்தார்.

"காலண்டரு?"

"அங்கனதான் இருக்குப்பா" என்றாள் வேல்விழி. "ஆகஸ்ட்டு பக்கம்."

அவர் கைகளில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கை வரை பொடி போய்ச் சுத்தமாக இருந்தது.

அய்யம்மாள் நனைந்த தாளைத் தொட்டியின் விளிம்பில் மடங்காமல் காயப்போட்டாள். அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"இதுல பாதித் தண்ணிய அன்னைக்கு அந்த மருந்துல ஊத்தியிருக்கக் கூடாதா?"